குளிர்காலத்துத் தோட்ட நூல்கள்: இங்கிலாந்தின் ஒரு வாசிப்பு மரபு

இங்கிலாந்தின் தென்பகுதியில் டிசம்பர் மாதக் கடைசியில் பகற்பொழுது எட்டு மணி நேரம்கூட நீடிப்பதில்லை. மண் ஒன்று உறைந்து கிடக்கும், அல்லது நீர் கோத்துச் சேறாகிக் கிடக்கும் என்பதால், மரங்களைக் கவாத்து செய்வது, கருவிகளைத் தீட்டி எண்ணெயிடுவது, சேமித்த விதைகளைப் பிரித்துப் பெயரெழுதி வைப்பது போன்ற சில்லறை வேலைகளைத் தவிரத் தோட்டக்காரருக்கு அப்போது செய்வதற்கு அதிகமில்லை. நெடிய அந்த இரவுகளில் செடிகொடிகளைப் பற்றிய நூல்களைப் படித்து அடுத்த வசந்தத்துக்குத் திட்டமிடும் பழக்கம் அந்நாட்டில் வேரூன்றியதும், குளிர்காலத்தில் படிக்கத்தக்க தோட்ட நூல்கள் இவை என்று ஒருவருக்கொருவர் பரிந்துரைக்கும் வழக்கம் எழுந்ததும் இயல்பே. ஆனால் அத்தகைய பட்டியல்களில் தவறாமல் இடம்பெறும் பழைய நூல்களில் பல, தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவருக்காக எழுதப்பட்டவை அல்ல. மருந்துக் கடைக்காரரிடமிருந்தும் பிரபுவின் நூலகத்திலிருந்தும் தோட்டத் தொழிலாளியின் கைக்கு அந்நூல்கள் இறங்கி வர ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் பிடித்தன.

தொடக்கம் மருத்துவத்தில் இருக்கிறது. மூலிகை நூல் எனப்படும் வகை, அதாவது ஒவ்வொரு செடியின் தோற்றம், அது வளரும் இடம், அதன் மருத்துவக் குணம் ஆகியவற்றைப் படத்தோடு விளக்கும் பெருந்தொகுப்பு, ஐரோப்பாவில் பெரும்பாலும் லத்தீனில் எழுதப்பட்டு வந்தது. அதை ஆங்கிலத்தில் எழுதத் துணிந்தவர் வில்லியம் டர்னர் என்ற மருத்துவரும் மதகுருவுமானவர். அவருடைய புதிய மூலிகை நூலின் முதற்பகுதி 1551-இல் வெளிவந்தது. சீர்திருத்தக் கிறித்தவராகிய அவர் மேரி அரசியின் காலத்தில் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. இரண்டாம் பகுதி 1562-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் அச்சாயிற்று. நூலின் படங்களில் பெரும்பாலானவை அவருக்காக வரையப்பட்டவை அல்ல. ஜெர்மானியரான ஃபுக்ஸின் நூலுக்காக மரக்கட்டையில் செதுக்கியவற்றையே அச்சகத்தார் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டனர். மரச்செதுக்குப் படம் தயாரிப்பது பெருஞ்செலவு பிடிக்கும் வேலையாதலால், ஒரு கட்டை பல நாடுகளைச் சுற்றி வருவது அக்கால வணிகத்தில் சாதாரணம்.

இரவல் வாங்குவதில் எல்லை கடந்தவர் என்று பெயரெடுத்தவர் ஜான் ஜெரார்ட். நாவிதத் தொழிலும் அறுவை வைத்தியமும் ஒன்றாக இருந்த அக்காலச் சங்கத்தைச் சேர்ந்த அவர், எலிசபெத் அரசியின் முதன்மை அமைச்சராகிய பர்லி பிரபுவின் தோட்டங்களைக் கண்காணித்ததோடு, லண்டனின் ஹோல்போர்ன் பகுதியில் சொந்தத் தோட்டமும் வைத்திருந்தார். அங்கு வளர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடிகளின் பட்டியலை 1596-இல் அச்சிட்டார். ஒரே தோட்டத்தின் செடிகள் அனைத்தையும் தொகுத்து அச்சான முதல் பட்டியலாக அதைக் குறிப்பிடுவர். மறு ஆண்டு வெளிவந்த அவருடைய பெரிய மூலிகை நூல், டோடோன்ஸ் என்ற ஃபிளாண்டர்ஸ் நாட்டு மருத்துவரின் லத்தீன் நூலுக்கு டாக்டர் பிரீஸ்ட் என்பவர் செய்து முடிக்காமல் விட்ட மொழிபெயர்ப்பை அடித்தளமாகக் கொண்டது என்பது பின்வந்தவர்களின் குற்றச்சாட்டு. ஏறத்தாழ 1,800 படங்களில் பெரும்பகுதி ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வரவழைத்த கட்டைகளால் அச்சிடப்பட்டது. படமும் விளக்கமும் பொருந்தாமல் போன இடங்கள் மிகுதியானதால், பிழை திருத்த லோபெல் என்ற தாவரவியலாளரை அச்சகத்தார் அழைத்தனர், பாதியிலேயே ஜெரார்ட் அவரைத் தடுத்துவிட்டார். நூலின் இறுதி அதிகாரமோ மரத்தில் காய்த்து நீரில் விழும் வாத்துகளைப் பற்றியது. அதைக் கண்ணாரக் கண்டதாகவே அவர் எழுதினார்.

இத்தனை குறை இருந்தும் ஜெரார்டின் நூல் மறையவில்லை. எந்தப் பூ எந்த மாதத்தில் தம் தோட்டத்தில் மலர்ந்தது, எந்த விதையை யார் கொடுத்தார், எது பிழைத்தது, எது பட்டுப்போனது என்று தம் கைப்பட வளர்த்த செடிகளைப் பற்றி அவர் எழுதிய இடங்களில் இரவல் நூல்களின் வறட்சி இல்லை. உருளைக்கிழங்குச் செடியின் படம் முதன்முதலாக அச்சேறியதும் அந்நூலில்தான். அது இரவல் கட்டை அன்று, நூலுக்கென்றே செதுக்கிய மிகச் சிலவற்றுள் ஒன்று. அறிஞர்கள் இகழ்ந்த நூலைத் தோட்டக்காரர்கள் விடாமல் வைத்திருந்ததற்கு இந்தச் சொந்த அனுபவமே காரணமாக இருக்கவேண்டும்.

நூலைச் சீர்செய்யும் பொறுப்பு ஸ்னோ ஹில் பகுதியில் மருந்துக் கடை நடத்திய தாமஸ் ஜான்சனுக்கு வந்து சேர்ந்தது. ஆண்ட்வெர்ப்பிலிருந்து வந்த நல்ல கட்டைகளைக் கொண்டு 2,700-க்கும் மேற்பட்ட படங்களோடு அவர் 1633-இல் வெளியிட்ட பதிப்பு, ஜெரார்டின் பிழைகளைக் குறியிட்டுத் திருத்தியது. வாத்து மரத்தைப் பற்றிய அதிகாரத்தையும் நீக்காமல், டச்சு மாலுமிகள் வடகடலில் அவ்வாத்துகளின் முட்டைகளைக் கண்டுவிட்டனர் என்ற குறிப்பை மட்டும் சேர்த்தது. அதே ஆண்டு ஏப்ரலில் பெர்முடாவிலிருந்து வந்த ஒரு வாழைக்குலையை ஜான்சன் தம் கடையில் கட்டித் தொங்கவிட்டார். பச்சையாக இருந்த காய்கள் நாளடைவில் பழுத்ததைக் கவனித்து, குலையின் படத்தையும் பழத்தின் சுவையையும் நூலில் பதிந்தார். வீட்டுக்கு வீடு வாழை நிற்கும் நாட்டவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். லண்டன்வாசிகளுக்கோ அது காணக் கிடைக்காத காட்சி. உள்நாட்டுப் போரில் அரசர் பக்கம் நின்ற ஜான்சன், பேசிங் மாளிகை முற்றுகையின்போது பட்ட காயத்தால் 1644-இல் இறந்தார்.

மருந்தை விட்டு அழகுக்காகச் செடி வளர்ப்பதைப் பொருளாகக் கொண்ட முதல் பெரிய ஆங்கில நூலை 1629-இல் ஜான் பார்க்கின்சன் எழுதினார். அவரும் மருந்து வணிகரே. பூந்தோட்டம், காய்கறித் தோட்டம், பழத்தோட்டம் என மூன்றாகப் பிரிந்த அந்நூல் அரசிக்குக் காணிக்கையாக்கப்பட்டது. விலையும் அரசவையாருக்கே ஏற்றதாக இருந்தது. 1664-இல் ஜான் ஈவ்லின், காடு வளர்ப்பைப் பற்றிய தம் நூலின் பின்னிணைப்பாக, தோட்டத்தில் மாதந்தோறும் செய்யவேண்டியவற்றைப் பட்டியலிட்டுத் தந்தார். தோட்ட நூலை ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிக்கும் அமைப்பு இதன்மூலம் பரவலாயிற்று. வேலையற்ற மாதங்களில் எடுத்துப் படிப்பவருக்கு வரப்போகும் ஆண்டு முழுவதும் வரிசையாகக் கண்முன் வருவதால், பின்வந்த எழுத்தாளர் பலர் இவ்வமைப்பைக் கைவிடவே இல்லை.

தொழில்முறைத் தோட்டக்காரர் ஒருவரே எழுதிய பெருநூல் 1731-இல் வந்தது. செல்சியில் மருந்து வணிகர் சங்கத்துக்கு உரிய மூலிகைத் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரரான ஃபிலிப் மில்லர் தொகுத்த தோட்டக்காரர் அகராதி, ஆசிரியர் வாழ்ந்த காலத்திலேயே எட்டுப் பதிப்புகளைக் கண்டது. கேசரம் அகற்றிய டியூலிப் பூக்களுக்கு வேறு பாத்தியிலிருந்து தேனீக்கள் மகரந்தம் சுமந்து வந்ததையும், அப்பூக்கள் விதை பிடித்ததையும் மில்லர் கண்டறிந்தார். பூச்சிகளால் மகரந்தச் சேர்க்கை நடப்பதைப் பற்றிய முன்னோடிக் குறிப்புகளுள் அது ஒன்று. பேரினப் பெயர், சிற்றினப் பெயர் என இரண்டே சொற்களால் ஒரு செடியைச் சுட்டும் லின்னேயஸின் முறை 1753-இலேயே அறிமுகமாகியிருந்தும், மில்லர் அதனை 1768-ஆம் ஆண்டின் எட்டாம் பதிப்பில்தான் ஏற்றுக்கொண்டார். அறிஞர்கள் மாற்றிய பெயரைத் தோட்டக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏற்பது அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை.

இந்த நூல்களையெல்லாம் இன்று ஆய்வாளரே புரட்டுகின்றனர். பொதுவாசகர் இன்னும் உவந்து படிக்கும் நூல் கில்பர்ட் ஒயிட் எழுதிய செல்போர்னின் இயற்கை வரலாறு. ஹாம்ப்ஷயர் மாவட்டத்துச் சிற்றூரில் குருவாக வாழ்ந்த ஒயிட், 1751 முதல் தோட்டக் குறிப்பேடு எழுதியவர். மட்கும் குதிரைச் சாணம் தரும் சூட்டால் பாத்தியை வெதுவெதுப்பாக்கி முலாம்பழமும் வெள்ளரியும் விளைவிப்பதில் அவருக்கு இருந்த ஆர்வம் அதில் பக்கம் பக்கமாகத் தெரிகிறது. நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களாக அமைந்த அவருடைய நூல் 1789 என்ற ஆண்டைத் தாங்கி வெளிவந்தது. பறவைகளைப் பற்றிய பகுதிகளுக்காகவே அது புகழப்படுகிறது என்றாலும், தோட்டக்காரர் குளிர்காலத்தில் படிக்கவேண்டியவை நூலின் முடிவில் உள்ள உறைபனிக் கடிதங்கள்.

1784 டிசம்பரில் கடுங்குளிர் தாக்கியபோது ஒயிட் தம் வீட்டு வெப்பமானியின் அளவுகளைக் குறித்ததோடு நில்லாமல், அருகே மேட்டில் இருந்த நியூட்டன் என்ற ஊரில் வெப்பமானி வைத்திருந்த ஒருவரையும் அளவுகளைக் கவனிக்கச் சொன்னார். உயரமான இடத்தில் குளிர் அதிகமாக இருக்கும் என்பது அனைவரின் எதிர்பார்ப்பு. ஆனால் பள்ளத்தில் இருந்த செல்போர்னைவிட மேட்டில் இருந்த நியூட்டன் பல பாகை வெதுவெதுப்பாக இருந்தது. அங்கிருந்த கருவியில் கோளாறோ என்று ஐயுற்று, தம் கருவி ஒன்றை அனுப்பி இரண்டையும் ஓரிடத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டும் ஒரே அளவைக் காட்டின. குளிர் நீங்கியபின் பார்த்தால், ஒயிட்டின் தோட்டத்தில் பசுமை மாறாச் செடிகள் கருகியிருக்க, நியூட்டனில் இலைகூட வாடவில்லை. குளிர்ந்த காற்று கனமானதாதலால் அமைதியான இரவுகளில் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும் என்பது இப்போது பாடநூல் செய்தி. முந்தைய உறைபனி ஒன்றைப் பற்றிய கடிதத்தில், கிளைகளில் படிந்த பனியை ஆட்களை விட்டு முட்கோலால் தட்டி உதிர்த்துவிடவேண்டும் என்றும், பாதி உருகி மீண்டும் உறையும் பனியே வெறுங்குளிரைவிட இலைக்குக் கேடு என்றும் ஒயிட் அறிவுறுத்துகிறார். ஊகத்தை நம்பாமல் இரண்டாவது கருவியை அனுப்பிச் சரிபார்த்த அந்த மனப்பாங்கே, மில்லரின் அகராதியில் உள்ள ஆயிரக்கணக்கான பதிவுகளைக் காட்டிலும் ஒயிட்டின் சில பக்கங்களை நீடிக்க வைத்திருக்கிறது என்று கருத இடமுண்டு.

அதே காலத்தில் படங்களின் வணிகமும் மாறியது. லண்டனைச் சுற்றி வளரும் காட்டுச் செடிகளை முழு அளவில் வரைந்து வில்லியம் கர்ட்டிஸ் வெளியிட்ட பெருநூல் அவருக்கு நட்டத்தையே தந்தது. களைச்செடிகளின் படத்துக்குப் பணம் கொடுப்பார் இல்லை. அவர் 1787 பிப்ரவரியில் தொடங்கிய தாவரவியல் இதழோ, வெளிநாடுகளிலிருந்து தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த புதிய பூச்செடிகளை மாதம் மூன்று வண்ணப் படங்களோடு ஒரு ஷில்லிங்குக்கு வழங்கி மூவாயிரம் படிகள்வரை விற்றது. முதல் நூல் புகழைத் தந்தது, இரண்டாவது சோறு போட்டது என்ற பொருளில் அவரே கூறினார். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட கோட்டுருவங்களுக்கு ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் வண்ணம் தீட்டினர். அவ்விதழில் கையால் வண்ணமிடுவது 1948 வரை தொடர்ந்தது.

1826 முதல் அவ்விதழின் ஆசிரியராக இருந்த வில்லியம் ஹூக்கர் வழியாகத் தென்னிந்தியாவும் இவ்வரலாற்றில் நுழைகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவராகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ராபர்ட் ஒயிட், ரங்கையா என்ற ஓவியர் வரைந்த செடிப் படங்களை ஹூக்கருக்கு அனுப்ப, அவர் அவற்றைத் தாம் நடத்திய மற்றொரு வெளியீட்டில் அச்சிட்டார். பின்னர் அம்மருத்துவர் சென்னையிலேயே, கல்லில் வரைந்து அச்சிடும் கல்லச்சு முறையில், 1838 முதல் 1853 வரை 2,101 படங்களைக் கொண்ட பெருந்தொகுப்பை வெளியிட்டார். ரங்கையாவுக்குப் பின் அவருக்கு வரைந்தவர் கோவிந்து. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு அந்த ஓவியரின் பெயரையே சூட்டினார் அவர். சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்களைப் பற்றி ராக்ஸ்பர்க் எழுதி லண்டனில் அச்சான முந்தைய நூலின் முந்நூறு படங்களை வரைந்த இந்தியர்களுக்குப் பெயர்கூட இல்லாமல் போனதை நினைத்தால், இது சிறிய செயலன்று.

இவ்வளவுக்கும் பின்னரும் அன்றாடம் மண்ணைக் கொத்துபவர் இந்நூல்களை வாங்கும் நிலையில் இல்லை. அவர்களை வாசகராக்க ஒருவர் விடாப்பிடியாக உழைத்தார் என்றால், அவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் கிளாடியஸ் லௌடன். இளமையில் பகலில் வேலை பார்த்துவிட்டு வாரத்தில் இரண்டு இரவுகள் உறங்காமல் படித்தவர் அவர். 1822-இல் தோட்டக்கலைக் கலைக்களஞ்சியத்தையும், 1826-இல் தோட்டக்காரர் இதழையும் வெளியிட்டார். நாற்றுப் பண்ணைக்காரர், பெரிய மாளிகைகளின் தலைமைத் தோட்டக்காரர், உதவியாளர் ஆகியோர் தம் அனுபவத்தைத் தாமே எழுதி அனுப்பியது அவ்விதழின் புதுமை. வாதநோய்க்காகப் பிரைட்டன் நகரில் பாட்னாக்காரரான தீன் முகமது நடத்திய நீராவிக் குளியலகத்துக்குச் சென்றபோது முறிந்த அவருடைய வலக்கை, சரியாகக் கூடாமல் போய், 1825-இல் துண்டிக்கப்பட்டது. அதன்பின் எழுதியவற்றையெல்லாம் அவர் சொல்லச் சொல்லப் பிறரே எழுதினர்.

லௌடன் மனத்தில் கொண்ட வாசகரின் இருப்பிடத்தை அறிந்தால்தான் அவருடைய பிடிவாதம் விளங்கும். பெரிய மாளிகைகளின் காய்கறித் தோட்டத்து மதிலை ஒட்டி, பெரும்பாலும் வெயில் படாத வடபுறத்தில், மணமாகாத இளம் தோட்டக்காரர்கள் சேர்ந்து தங்கும் குடில்கள் இருந்தன. கண்ணாடி வீடுகளில் அன்னாசியும் திராட்சையும் குளிரில் விறைத்துவிடாமல் காக்க, இரவில் எழுந்து அடுப்புகளுக்கு நிலக்கரி போடுவது அவர்கள் கடமை. ஆகவே குளிர்கால இரவு அவர்களுக்கு முழு ஓய்வும் அன்று, முழு வேலையும் அன்று. இரண்டு முறை கரி போடுவதற்கு இடையே மெழுகுவர்த்தி ஒளியில் படிக்கக் கிடைத்த நேரம் அது. மெழுகுவர்த்தி மீதான வரியே 1831-இல்தான் நீங்கியது. எழுத்தறியாக் கொத்தனார் நாளொன்றுக்கு ஐந்து ஷில்லிங்குக்குக் குறையாமல் பெறுகையில், வடிவகணிதமும் நில அளவையும் தாவரவியலும் கற்ற தோட்டக்காரருக்கு இரண்டரை ஷில்லிங்குக்கு மேல் கிடைப்பதில்லை என்று லௌடனின் இதழில் முறையிடப்பட்டது. தோட்டத்துக்கு உரிமையாளர் உரங்களையும் கருவிகளையும் வாங்கித் தருவதுபோல, தோட்டக்காரர் குடிலில் ஒரு நூலகத்தையும் வைத்துத் தரவேண்டும் என்பது அவர் விடாமல் வலியுறுத்திய கோரிக்கை.

அவ்வாறு தம்மைத் தாமே உயர்த்திக்கொண்டவருக்கு ஜோசஃப் பாக்ஸ்டன் கண்கண்ட சான்று. விவசாயக் குடும்பத்தில் பிறந்து, 23-ஆம் வயதில் சாட்ஸ்வர்த் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரராகி, 1851-இல் லண்டன் கண்காட்சிக்குப் பளிங்கு மாளிகையை வடிவமைத்தவர் அவர். தாவரவியலாளர் ஜான் லிண்ட்லியுடன் சேர்ந்து அவர் 1841-இல் தொடங்கிய வார இதழில் டார்வினின் குறிப்புகள் தோட்டக்காரர்களின் கேள்விகளோடு அடுத்தடுத்து அச்சாயின. லௌடனோ கடனில் மூழ்கினார். பிரிட்டனில் வளரும் மரங்களைப் பற்றி 1838-இல் அவர் எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட நூல் ஏறத்தாழ பத்தாயிரம் பவுண்டு கடனை வைத்தது. 1843-இல் அவர் இறந்தபோது, இளம் தோட்டக்காரர் தாமே கணிதம் முதலியவற்றைக் கற்பதற்கான நூல் முடியும் நிலையில் இருந்தது. அவர் மனைவி ஜேன், திருமணத்துக்கு முன் தோட்டத்தைப் பற்றி ஏதும் அறியாதவர். லிண்ட்லியின் விரிவுரைகளைக் கேட்டும் கணவரிடம் கேள்வி கேட்டும் கற்றவர். கற்றவர்கள் எழுதிய நூல்கள் தொடங்குவோருக்குப் புரிவதில்லை என்பதைத் தம் அனுபவத்திலேயே உணர்ந்து, பெண்களுக்காக 1840-இல் அவர் எழுதிய தோட்டக்கலை வழிகாட்டி நன்கு விற்று, கடனில் தத்தளித்த குடும்பத்துக்குக் கைகொடுத்தது.

கண்ணாடி மீதான வரி 1845-இலும் காகித வரி 1861-இலும் நீங்கியபின் சிறுவீட்டாருக்கும் கண்ணாடிக் கூடமும் வார இதழும் கைக்கெட்டின. ஐரிஷ்காரரான வில்லியம் ராபின்சன் 1879-இல் ஒரு பென்னிக்குத் தோட்ட இதழ் நடத்தினார். அவருடைய ஆங்கிலப் பூந்தோட்டம் 1883-இல் வந்து அவர் வாழ்நாளிலேயே பதினைந்து பதிப்புகளைக் கண்டது. எழுத்தில் சண்டைக்காரர், கம்பளம் விரித்ததுபோல் ஒரே நிறப் பூக்களை வரிசையாக நடும் வழக்கத்தை அவர் தாக்கிய வேகத்தில் சில வேளை நியாயமும் பறந்துவிடும். பார்வை மங்கியதால் ஓவியத்தைக் குறைத்துத் தோட்டத்துக்கு வந்த கெர்ட்ரூட் ஜீக்கிலின் முதல் நூல் 1899-இல் மாதவாரி அமைப்பிலேயே வெளிவந்தது. அதற்கு இரண்டாண்டு முன் திருமதி ஏர்ல் எழுதிய சர்ரே தோட்டத்துக் குறிப்புகள், தாம் சேர்த்து வைத்திருந்த பழைய தோட்ட நூல்களை ஒவ்வொன்றாக எடுத்து வாசகருக்கு அறிமுகம் செய்ததால், ஜெரார்டும் பார்க்கின்சனும் புதிய தலைமுறையின் வாசிப்புப் பட்டியலுக்குத் திரும்பி வந்தனர். மருந்துக்காக எழுதப்பட்டவை சுவைக்காகப் படிக்கப்படலாயின.

இருபதாம் நூற்றாண்டின் நூல்களில் பலவற்றை விரைந்து கடந்துவிடலாம். 1914-இல் வந்த பீனின் மரங்கள், புதர்கள் பற்றிய நூல் தேடிப் பார்க்கவும் போல்ஸின் வசந்த காலத் தோட்டம் மனமகிழப் படிக்கவும் இன்றும் பரிந்துரைக்கப்படுகின்றன. ஆனால் கெபிள் மார்ட்டினின் பிரிட்டிஷ் தாவரங்களின் சுருக்கக் கையேட்டை அப்படிக் கடக்க இயலாது. டெவன் பகுதியில் பணியாற்றிய மதகுருவான அவர், ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் காட்டுச் செடிகளை உயிரோடு கண்டு வரைந்து சேர்த்த 1,486 இனங்களின் படங்கள், அவர் எண்பத்தேழு வயதைத் தாண்டிய 1965-இல்தான் நூலாயின. அச்சிடும் செலவுக்கு அஞ்சிப் பதிப்பாளர்கள் நெடுங்காலம் தயங்கிய அந்நூல், வெளிவந்ததும் பெருமளவில் விற்றது. கர்ட்டிஸுக்கு நட்டம் தந்த அதே களைச்செடிகளுக்கு இப்போது வாங்குவோர் திரண்டனர்; வண்ண அச்சு மலிந்திருந்ததும், உழவில் வேலிகளும் புல்வெளிகளும் அழிந்து அச்செடிகள் அரிதாகத் தொடங்கியிருந்ததும் அதற்குக் காரணங்கள். 1967-இல் பிரிட்டிஷ் அஞ்சல்துறை காட்டுப் பூக்களைப் பற்றி வெளியிட்ட அஞ்சல் தலைகளில் நான்கை வரைந்தவரும் கெபிள் மார்ட்டினே.